இருபத்திரண்டு லிட்டர்

மூன்றாவது தடவையும் சாக்ஸ் குதிகாலோடு நின்றுவிட்டது. லிசா இரண்டு விரல்களை உள்ளே விட்டு விரித்து இழுத்துப் பார்த்தாள். ஒரு ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் கிடந்த கால் எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கவில்லை.

"கொஞ்சம் பவுடர் போட்டுப் பாரு பாப்பா," என்றாள் எதிர்வீட்டுப் பூமாரி. "எங்க மாமனாருக்கு அப்படித்தான் ஏத்துனோம்."

பவுடரைக் கொட்டித் தேய்க்கும்போதுதான் லிசா அதைப் பார்த்தாள். அப்பாவின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, கொப்புளம் உடைந்து வட்டமாகத் தோல் உரிந்திருந்தது. ஓரத்தில் தார். ஆஸ்பத்திரியில் கழுவியும் போகாத தார். செருப்பு அறுந்த பிறகும் நடந்திருக்கிறார். அம்மா பார்ப்பதற்குள் சாக்ஸை மேலே இழுத்தாள். இந்தத் தடவை ஏறிவிட்டது.

அம்மா சேசம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்து, கணவனின் கோட்டுக் காலரைச் சரிசெய்வதும், பிடிக்காமல் பிரிப்பதும், மறுபடி சரிசெய்வதுமாக இருந்தாள். நான்கு மணிக்குக் கோயிலில் பூசை. அதன்பிறகு கல்லறைத் தோட்டம். இப்போது பத்தரைதான் ஆகியிருந்தது. மே மாதத்துச் செம்பூர் வெயில் அதற்குள் ஜன்னல் கம்பிகளைச் சுட வைத்துவிட்டது.

வெளியே வராந்தாவில் ரெனால்ட் மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"ஆமா, அட்டாக்குதான். ஆனா அட்டாக்கு எதுல வந்துச்சு? டீசல் இல்லாம ஹைவேல நிக்க விட்டா வராம என்ன செய்யும்? எல்லாம் அந்தக் குர்லா மெக்கானிக் பயலோட வேலை. லிட்டருக்குப் பதினேழு குடுக்கும், பதினெட்டு குடுக்கும்னு எங்க அத்தான் மண்டையக் கழுவிட்டாம்லா... விடமாட்டேன். அடக்கம் முடியட்டும், அவன் கடைய இழுத்து மூடுதேன்."

நேற்றிலிருந்து இது எத்தனையாவது போன் என்று லிசாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு போனிலும் அந்த மெக்கானிக் தப்ரேஸின் குற்றம் கொஞ்சம் வளர்ந்துகொண்டே வந்தது. முதல் போனில் அவன் கவனக்குறைவானவனாக இருந்தான். பிறகு ஏமாற்றுக்காரன் ஆனான். இப்போது கிட்டத்தட்ட கொலைகாரன்.

லிசா இடது காலுக்கான சாக்ஸை எடுத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விடியற்காலை அப்பா தனசீலன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக நாசிக் போனார். நடுவில் எங்கேயும் டீசல் போடாமல் போய்த் திரும்ப வேண்டும் என்பது திட்டம். திரும்பும் வழியில், கசாரா மலை இறங்கிக் கொஞ்ச தூரத்தில், டீசல் தீர்ந்து வண்டி நின்றது. அடுத்த பெட்ரோல் பங்குக்கு நாலு கிலோமீட்டர். காலி கேனைத் தூக்கிக்கொண்டு உச்சிவெயிலில் நடந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, பிரஷர் இருந்தது. பாதி வழியில் ஒரு பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார். எதிரே டீக்கடை வைத்திருந்த ஆள் முதலில் தூங்குகிறார் என்றே நினைத்தானாம்.

வண்டி பதினொரு வருஷம் ஓடிய டீசல் எஸ்யூவி. திராம்பே பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த தனசீலனை, போன வருஷம் மற்ற முப்பது பேரோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பணத்தில் அவர் யாரையும் கேட்காமல் வாங்கியது அந்த வண்டி. ஏர்போர்ட்டுக்கும் சீரடிக்கும் ஆட்களை ஏற்றிப்போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அது லிட்டருக்கு எட்டரை, ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடாது என்று. ஒரு சீரடி டிரிப்பில் கிடைத்ததை டீசலே குடித்துவிட்டது.

"இது வண்டியில்ல. பேயி," என்றாள் சேசம்மாள். அன்றையிலிருந்து அவள் அதில் ஏறும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்காருவாள்.

அப்போதுதான் தனசீலன் தப்ரேஸைக் கண்டுபிடித்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் நன்றாகவே பேசுவான், குர்லாவில் சின்ன ஒர்க்‌ஷாப். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம்கூடப் பார்க்காமல் அந்த வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்கள். பழைய முதலாளி அழகுக்கு மாட்டியிருந்த அகல டயர்களைக் கழற்றிவிட்டுக் கம்பெனி அளவு டயர் போட்டார்கள். முன்னால் இருந்த இரும்புக் கம்பித் தடுப்பு போயிற்று. மேலே இருந்த கேரியர் போயிற்று. கரி பிடித்துக் கிடந்த வால்வுகளைச் சுத்தம் செய்தார்கள். கடைசியில் தப்ரேஸ் லேப்டாப்பைச் சொருகி, இஞ்சின் எவ்வளவு டீசலை எப்போது குடிக்கவேண்டும் என்பதையே மாற்றி எழுதினான். 'மேப்' என்பான் அதை. இவ்வளவுக்குப் பிறகு பதினொன்று வந்தது. காற்றும் ரோடும் நன்றாக இருந்தால் பதினொன்றரை.

பதினொன்று என்பது நல்ல முன்னேற்றம்தான். தப்ரேஸ் அதையே சொன்னான். ஆனால் தனசீலன் வீட்டில் எல்லோரிடமும் பதினைந்து வரும் என்று சொல்லியிருந்தார். பதினொன்று என்று தெரிந்த அன்று பால்கனியில் போய் உட்கார்ந்தார். அடுத்த நாளும் உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார். பத்து நாள் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள் லிசா. கம்பெனியிலிருந்து அனுப்பியபோதுகூட அவர் இப்படி உட்காரவில்லை.

அவள் குர்லாவில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் ஆபீஸ் வேலை பார்த்தாள். அங்கே ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது அவள் பொறுப்பு. பங்கில் அவளைத் தெரியும், கேனில் கொடுப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் தன் காசில் ஐந்து லிட்டர் தனியாக வாங்கினாள். அப்பா குளிக்கப் போயிருந்த நேரம், கீழே போய் வண்டியின் டாங்கில் ஊற்றினாள். வண்டியின் டீசல் முள் பழைய முதலாளி காலத்திலேயே பாதியில் செத்து நின்றுவிட்டது. தனசீலனுக்கு எல்லாம் கணக்குதான். டாங்கை நிரப்புவார், ஓட்டுவார், மறுபடி நிரப்புவார், எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் உள்ளே போயிற்று என்று வகுத்துப் பார்ப்பார். வண்டி முப்பது லிட்டர் குடித்திருந்தால் அவர் போட்டது இருபது. மீதிப் பத்து லிசா போட்டது.

முதல் தடவை பதினான்கு வந்தது. அன்று ராத்திரி அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு தடவையோடு நிறுத்திவிடலாம் என்றுதான் லிசா நினைத்தாள். ஆனால் நிறுத்தினால் பதினான்கு மறுபடி பதினொன்று ஆகிவிடும். அதனால் செவ்வாயும் வெள்ளியும் ஊற்றினாள். தினமும் அவர் வீட்டுக்குள் வந்ததும், "இன்னைக்கு எவ்வளவு ஓடுச்சுப்பா?" என்று கேட்பாள். அதை வைத்துத்தான் எவ்வளவு ஊற்றவேண்டும் என்று கணக்குப் போட முடியும். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வார். பிறகு பதினாறு ஆயிற்று. பிறகு பதினேழு. அப்பா ஷேவ் செய்துகொள்ள ஆரம்பித்தார். கோயில் வாசலில் நின்று ஆட்களுக்கு டயர் காற்றைப் பற்றிப் பாடம் எடுத்தார். தூக்கத்தில்கூட அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

ஆறு மாசம் இப்படிப் போயிற்று.

வியாழக்கிழமை ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"நாளைக்கு நாசிக் போயிட்டு வந்துருதேன். ஒரே ஊத்து. நடுவுல பங்கு பக்கமே தலை வைக்கமாட்டேன்."

"எதுக்கு?" என்றாள் சேசம்மாள்.

"வெங்கடேஷ் இருக்காம்லா, டூரிஸ்ட் வண்டி வச்சிருக்கான், அஞ்சு வண்டி. என் வண்டி மாதிரி அவனுக்கும் செஞ்சு தரணுமாம். நானும் தப்ரேஸும் சேந்து செய்யலாம்னு இருக்கோம். திங்கக்கிழமை வாரான். அவன் முன்னால சும்மா வாயால சொன்னா நல்லாருக்காது. ஓட்டிக் காட்டணும்." விரலால் தட்டில் கோடு போட்டுக் காட்டினார். "போக வர முந்நூத்து முப்பத்தஞ்சு. இருவது லிட்டர் போதும். எதுக்கும் ரெண்டு சேத்து இருவத்திரண்டு. தப்ரேஸு டாங்க வடிச்சுட்டு அளந்து ஊத்திட்டான்."

லிசாவின் கை சோற்றிலேயே நின்றது. இருபத்திரண்டு லிட்டரில் வண்டி இருநூற்று நாற்பது ஓடும். அவளைவிட அது யாருக்கும் தெரியாது. பிரஸ்ஸில், ஜெனரேட்டர் அறையில், பத்து லிட்டர் கேன் ஒன்று நிரம்பி இருந்தது. குர்லா இருபது நிமிஷம். வாட்ச்மேனிடம் சாவி இருக்கும்.

"நாசிக்ல கொஞ்சம் போட்டுக்கோங்கப்பா. எதுக்கு ரிஸ்க்?"

"நடுவுல போட்டா பின்ன என்னட்டி டெஸ்ட்டு?" என்று சிரித்தார்.

ஐந்து வண்டிக்கும் அவளால் ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்குப் பத்து லிட்டரைக் கொண்டுவந்து ஊற்றினால், திங்கட்கிழமை அவர் வேறொருவனுக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டு, ஒரு பொடியனைப்போல உற்சாகமாக இருந்தார். சொல்ல வரவில்லை.

பங்கு இல்லாத ரோடா அது? பாதியில் தீரும். எங்கேயாவது போட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் எரிச்சல்படுவார். அவரே தெரிந்துகொள்ளட்டும், தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. இப்படித்தான் நினைத்தாள். நினைத்தபோது மனசு லேசாகக்கூட ஆயிற்று. ஆறு மாசத்துக்குப் பிறகு அன்றுதான் கேனைப் பற்றி யோசிக்காமல் தூங்கினாள்.

அடக்க நாளான சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

வீட்டில் இருந்த பதினைந்து இருபது பேரில் யாருக்கும் அது ஒன்றுமில்லை. ஆனால் சேசம்மாள் சட்டென்று கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். குடியிருப்பு சொசைட்டியின் கேட்டில் திரும்பும்போது ஒரு உறுமல், பிறகு தணிந்து நிற்கும் சத்தம். ஒரு வருஷமாகத் தினமும் அந்தச் சத்தத்துக்கு அவள் அடுப்பில் தோசைக்கல்லை வைத்திருக்கிறாள். எழுந்தவள் எதிரே கோட்டுப் போட்டுப் படுத்திருக்கும் கணவனைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துகொண்டாள். பூமாரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ரெனால்ட் மாமா படிகளில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டதும் லிசாவும் எழுந்து ஓடினாள்.

அவள் கீழே போவதற்குள் அடி விழுந்துவிட்டது. தப்ரேஸ் வண்டிக் கதவோடு ஒட்டி நின்றான். கன்னம் சிவந்திருந்தது. சட்டை முழுக்க மண். கண்கள் தூங்காமல் வீங்கியிருந்தன. டீக்கடைக்காரன் அப்பாவின் போனிலிருந்து கடைசி நம்பருக்கு அடித்தது இவனுக்குத்தான். பைக்கில் முதலில் போய்ச் சேர்ந்தவனும், போலீஸ் எழுதும்போது கூட நின்றவனும், ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தவனும் இவன்தான். மாமா ஆம்புலன்ஸோடு போனது விடியும் நேரத்தில்தான்.

"இருவத்திரண்டு லிட்டர நீதானல அளந்து ஊத்துன? முந்நூறு கிலோமீட்டர் போற ஆளுக்கு அதாம்ல ஊத்துவாங்களா? உசுரோட வெளாடுதியா?"

"ஊத்துனேன். அவரு சொன்னாரு, ஊத்துனேன்," என்றான் தப்ரேஸ்.

"மாமா, மேல போங்க," என்றாள் லிசா. "அம்மா கூப்பிடுறாங்க." பொய்தான். ஆனால் அவர் போனார். போகும்போது, "கோயில் பக்கம் வந்த, காலை ஒடிச்சிருவேன்," என்றார்.

சொசைட்டி ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். தப்ரேஸ் வண்டியின் பின்கதவைத் திறந்தான். கடைசி வரிசை சீட் இல்லை, ஸ்டெப்னி டயர் இல்லை, ஜாக்கி இல்லை. எல்லாவற்றையும் வியாழக்கிழமையே கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார் தனசீலன், கனம் குறையட்டும் என்று. தண்ணீர்கூட ஒரே ஒரு சின்ன பாட்டில்தான் எடுத்துக்கொண்டு போனார். வெறும் தகரத் தரையில் காலி கேன் ஒன்றும், வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒன்றும் கிடந்தன.

"இன்னொண்ணு கிடைக்கல பாப்பா. தேடிப் பாத்தேன்."

அவள் தலையாட்டினாள்.

"இஞ்சின்ல ஒண்ணும் இல்ல," என்றான் அவன், யாரோ கேட்டதைப்போல. "அஞ்சு லிட்டர் ஊத்தி, பைப்புல சிக்கின ஏர் எடுத்தேன். ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆச்சு. எங்கயாச்சும் ஒழுகுதான்னு ரோட்டுல படுத்துப் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. பின்ன டீசல் எங்க போச்சு? ராத்திரி பூரா அதுதான் தலையில ஓடுது. நான் எங்கயோ கட்பட் பண்ணிட்டேன், ஏதோ தப்பு பாப்பா. என்னன்னுதான் தெரியல."

"அப்பா உங்ககிட்ட பேசினாரா?"

"ஒண்ணரை மணிக்கு. சிரிச்சாரு. 'தப்ரேஸு, நின்னுட்டுடே'ன்னாரு. நான் சொன்னேன், நிழல்ல உக்காருங்க அண்ணாச்சி, கசாராவுல நம்ம ஆளு இருக்கான், அரை மணியில டீசல் வரும்னு. கேக்கல. நடந்துருவேன்னுட்டாரு." அவன் பின்கதவின் ரப்பரை விரலால் தடவினான். "'ஒன் வேலையில குத்தமில்லடே, என் கணக்குலதான் எங்கயோ தப்பு'ன்னாரு. 'வீட்டுல சொல்லிராத. பாப்பா தெனமும் வாசல்லயே நின்னு எவ்வளவு ஓடுச்சுன்னு கேக்கா. அவளுக்கு அவ்வளவு சந்தோசம். அவ மொகத்துல எப்படி முழிப்பேன்'னு சொன்னாரு."

லிசா வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் தகரம் கொதித்தது. கையை எடுக்கவில்லை.

"தப்ரேஸ் அண்ணே. பதினேழு வரல. எப்பவுமே வரல."

"என்ன?"

"நான்தான் ஊத்தினேன். வாரத்துக்கு ரெண்டு தடவை. ஆறு மாசமா."

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான். ஒரு மெக்கானிக்கின் கண்ணோடு, எதை எதோடு கூட்டிக் கழிக்கவேண்டுமோ அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

"பதினொண்ணு," என்றான்.

"பதினொண்ணுதான்."

தப்ரேஸ் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. ஆனால் அதில் பாசம் ஒன்றும் இல்லை.

"நாலு கஸ்டமருக்கு அதே மேப் போட்டுக் குடுத்தேன். அண்ணாச்சி வண்டியக் காமிச்சு, பதினேழு வரும்னு சொல்லிக் குடுத்தேன். நாலு பேரும் வந்து சண்டை போட்டாங்க, பதினொண்ணுதான் வருதுன்னு. உங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லி அனுப்புனேன். ஒரு ஆள அசிங்கமாத் திட்டிக்கூட அனுப்பிட்டேன்." கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "என் கையில ஏதோ இருக்குன்னு நெனச்சுட்டேன் பாப்பா. எங்க வீட்லயும் சொல்லி வச்சுட்டேன்."

"மன்னிச்சிருங்கண்ணே."

"இத நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன். அடக்கம் முடியட்டும்."

அவன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்ற ஆம்பளைகளோடு போய் நின்றுகொண்டான். வீட்டுக்குப் போகவில்லை.

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது மணி ஐந்தரை. மலர்வளையங்களை ஏற்ற வேறு வண்டி இல்லாததால் லிசாவே அந்த வண்டியை ஓட்டி வந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்பாதான், இதே வண்டியில். சவப்பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். லிசாவும் போட்டாள். சேசம்மாள் மகளின் தோளிலேயே முழுப் பாரத்தையும் போட்டு நின்றாள். காலையிலிருந்தே அப்படித்தான். உட்கார, எழ, தண்ணீர் குடிக்க, எதற்கும் லிசாவின் கைதான் வேண்டியிருந்தது. அம்மாவின் கனத்தை உணரும்போதெல்லாம் லிசா இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம். மூன்றாம் நாள் பூசை கழிந்து சொல்லலாம்.

வாசலில், புங்கமரத்தடியில், தப்ரேஸ் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை. வெளியே வந்தவர்கள் அவனைக் கடந்து போனார்கள். அவர்களில் வெங்கடேஷும் ஒருவர், வெள்ளைச் சட்டை போட்ட பருத்த மனிதர். ரெனால்ட் மாமா அவர் தோளில் கைபோட்டு நிறுத்தினார்.

"நல்லாப் பாத்துக்கோங்க சார். இவன்தான். இவங்கிட்டயா ஒங்க அஞ்சு வண்டியையும் விடப் போனீங்க? எங்க அத்தான் செத்து ஒங்களக் காப்பாத்திட்டாரு. செம்பூரு, குர்லா, மான்குர்து, எல்லா டிரைவர்ட்டயும் சொல்லுதேன். இனிமே ஒருத்தன் இவன் கடைக்குப் போறானான்னு பாக்கேன்."

தப்ரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். லிசாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை அவளால் பேசாமல் இருந்திருக்க முடியும்.

"மாமா, அவர விடுங்க," என்றாள். "அவர் வேலையில ஒண்ணும் தப்பில்ல."

"நீ சும்மா இரு. ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத்தான் தெரியும். வண்டி பதினொண்ணுதான் குடுக்கும். அவர் உண்மையத்தான் சொன்னாரு. அப்பாவுக்குத் தெரியாம நான் ஆறு மாசமா டாங்க்ல டீசல் ஊத்துனேன். அதனாலதான் பதினேழுன்னு கணக்கு வந்துச்சு. அப்பா அத நம்பித்தான் போனாரு."

"ஏட்டி, என்ன உளறுத? எதுக்கு நீ ஊத்தணும்?"

"அவர் சாப்பிடல மாமா," என்றாள் லிசா.

மாமா வெங்கடேஷைப் பார்த்தார். வெங்கடேஷ் தன் செருப்பைப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் மண் தள்ளும் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தோளில் இருந்த பாரம் குறைவதை லிசா உணர்ந்தாள். சேசம்மாள் நிமிர்ந்து நின்றிருந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக யாரையும் பிடிக்காமல் தானாக நின்றாள். கண்கள் காய்ந்திருந்தன.

"அன்னைக்கி மட்டும் ஏன்டி ஊத்தல?"

கோபமாகக் கேட்கவில்லை. சமையலில் எதையோ போட மறந்தாயா என்று கேட்கும் குரல்.

"அவரே தெரிஞ்சுக்கட்டும்னு நெனச்சேன்மா," என்றாள் லிசா.

சேசம்மாள் கொஞ்ச நேரம் அந்த வார்த்தைகளையே பார்ப்பதுபோல் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தப்ரேஸ் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ராத்திரி அவிய கூட ஆஸ்பத்திரில இருந்தது நீதானா?"

"ஆமாக்கா."

"சாப்ட்டியா?"

அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"வீட்டுக்கு வா. எல்லாருக்கும் கஞ்சி வச்சிருக்கு," என்றாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

பெண்கள் எல்லோருக்கும் மாமா இரண்டு டாக்ஸி பிடித்து வைத்திருந்தார். பூமாரி, "வாங்கக்கா" என்று டாக்ஸிக் கதவைத் திறந்து பிடித்தாள். சேசம்மாள் அதைக் கடந்து போனாள். சாலையோரம் நின்ற எஸ்யூவியின் முன்கதவைத் தானே இழுத்துத் திறந்தாள். படி உயரம். சேலையை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, மூச்சுவாங்க ஏறி உட்கார்ந்தாள். லிசா இந்தப் பக்கம் ஏறிச் சாவியைப் போட்டாள். இஞ்சின் ஒரே திருப்பில் உயிர்பெற்றது. இரண்டு பேரும் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார்கள்.

சேசம்மாள் தோளுக்கு மேலே கையை நீட்டி சீட் பெல்ட்டை இழுத்தாள். அது வழக்கமாகத் தனசீலன் மாட்டிவிடுவது. அவளுக்கு எங்கே சொருகுவது என்று தெரியவில்லை. சீட்டுக்கு இடையில் கையை விட்டுத் தடவினாள். லிசாவின் கை தானாக நீண்டது.

"இரு," என்றாள் சேசம்மாள்.

லிசா கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். இன்னொருவனும் அடித்தான். சேசம்மாள் குனிந்து, பெல்ட்டின் நாக்கை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையால் அந்தப் பூட்டைத் தேடிக்கொண்டே இருந்தாள். லிசா வண்டியை எடுக்காமல் காத்திருந்தாள்.